பெடல் ஸ்டீல் கிட்டாரைச் சொல்லிச் செய்து வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெடல் ஸ்டீல் நான்கு கால்களில் மேசை போல நிற்கும் கருவி. இடது கையில் உருளை வடிவ ஸ்டீல் பார், வலது கை விரல்களில் பிக், இடது பாதத்துக்கு மூன்று பெடல், இரண்டு முழங்கால்களுக்கும் லீவர்கள், வலது பாதம் வால்யூம் பெடலில். அமெரிக்கக் கன்ட்ரி இசையில் அழுவது போல இழைந்து வரும் அந்த ஒலி இதனுடையதுதான். உலகம் முழுவதும் எண்ணிக்கை குறைவாகவே விற்கும் கருவி என்பதால், பெரும்பாலும் ஓரிருவர் நடத்தும் சிறு பட்டறைகளில் ஆர்டரின் பேரில்தான் செய்கிறார்கள். அதனால், 'கடையில் பார்த்து வாங்குவதா, சொல்லிச் செய்வதா' என்ற கேள்வி எல்லோருக்கும் ஒருநாள் வரும்.

மடியில் வைத்து வாசிக்கும் லேப் ஸ்டீலையும் சித்திர வீணையையும் சறுக்கித்தானே வாசிக்கிறார்கள்? இதில் என்ன வேறுபாடு?

பாரை நகர்த்தினால் அதன் கீழே இருக்கும் எல்லாத் தந்திகளும் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும். பெடலை மிதித்தால் அதற்கென்று அமைத்த ஒன்றிரண்டு தந்திகள் மட்டும் ஏறும். பக்கத்துத் தந்தி அசையாமல் நிற்கும். நிற்கும் ஸ்வரத்தின் மேல் இன்னொரு ஸ்வரம் வழுக்கிப் போய்ச் சேர்வதுதான் இந்தக் கருவியின் உயிர். 1954இல் கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாட்டில் பட் ஐசக்ஸ் அப்படி மிதித்து வாசித்ததைக் கேட்டுத்தான் மற்ற ஸ்டீல் வாசிப்பாளர்கள் தங்கள் கருவிகளிலும் பெடல் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். அவர் வைத்திருந்தது பால் பிக்ஸ்பி ஆர்டரின் பேரில் செய்து கொடுத்த கருவி. சொல்லிச் செய்வது இந்தக் கருவியோடு கூடவே பிறந்த பழக்கம்.

சித்திர வீணை பழகியவருக்கு இடது கை பாதி வந்துவிட்டது என்றே சொல்லலாம்: மெட்டு (ஃப்ரெட்) இல்லாத இடத்தில் காதால் ஸ்வரத்தைப் பிடிக்கத் தெரியும். கால்கள் மட்டும் ஆரம்பத்திலிருந்து பழக வேண்டும்.

முதல் கருவியையே ஆர்டர் கொடுத்துச் செய்யலாமா?

வேண்டாம் என்பதுதான் எங்கள் பதில். பணம் இருக்கிறதா இல்லையா என்பது இதில் கேள்வியே இல்லை. ஆர்டர் படிவத்தில் பட்டறைக்காரர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு ஒரு வருடமாவது வாசித்த காலும் முழங்காலும்தான் பதில் சொல்ல முடியும். எந்த லீவர் எந்தத் தந்தியை இறக்க வேண்டும், மிதி எவ்வளவு ஆழம், லீவர் எவ்வளவு இறுக்கம் என்பதெல்லாம் வாசிக்காமல் தெரியாது. தெரியாமல் பதில் எழுதினால், வேறு யாருக்கோ அளவெடுத்துத் தைத்த சட்டை உங்களுக்கு வந்து சேரும்.

முதலில் பயன்படுத்திய ஒரு கருவியை வாங்குங்கள்: ஒற்றைக் கழுத்து, பத்துத் தந்தி, ஈ9 சுருதி, 3 பெடல், குறைந்தது 4 முழங்கால் லீவர், 'ஆல்-புல்' வகை இயந்திரம் (ஏற்றுவதும் இறக்குவதும் கம்பியை இழுப்பதாலேயே நடப்பது). லீவர் எண்ணிக்கையில் விட்டுக்கொடுக்காதீர்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய ஷோ-பட் மேவரிக் போன்ற மாணவர் மாடலை வாங்குபவர்கள் உண்டு. அதில் 3 பெடலும் ஒரே ஒரு லீவரும்தான். ஈ தந்திகளை ஏற்றவும் இறக்கவும் தனித்தனி லீவர் இல்லாவிட்டால், இன்றைய பாடப் புத்தகங்களின் இரண்டாவது மாதத்துப் பயிற்சியையே வாசிக்க முடியாது.

அப்படியானால் எப்போது ஆர்டர் கொடுக்கலாம்?

கையில் இருக்கும் கருவியில் இன்னது வேண்டும், இன்னது இல்லை என்று தந்தி எண்ணோடு சொல்ல வரும்போது. "நல்ல ஒலி வேண்டும்" என்று மட்டும் தோன்றினால் காத்திருங்கள். ஒலியில் பெரும்பகுதி பாரைப் பிடிக்கும் கையிலும் பிக்கப், ஆம்ப்ளிஃபையரிலும் இருக்கிறது. "6ஆம் தந்தியை முழு ஸ்வரம் இறக்க லீவர் வேண்டும், இந்தச் சேஞ்சரில் அதற்கு இடமில்லை" என்று தோன்றினால் நேரம் வந்துவிட்டது. (சேஞ்சர் என்பது தந்திகளின் ஒரு நுனியைப் பிடித்து ஏற்றி இறக்கும் பகுதி.) உயரம் மிக அதிகம் அல்லது மிகக் குறைவு, இடுப்பு வலியால் எடை குறைய வேண்டும், இடது கைப் பழக்கம் என்று உடல் சார்ந்த காரணங்கள் இருந்தால் முன்னதாகவே ஆர்டர் கொடுப்பதிலும் தவறில்லை. இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் ஒன்றை யோசியுங்கள்: இதில் இரு கையும் இரு காலும் வேலை செய்வதால், பலர் வழக்கமான கருவியிலேயே பழகிக்கொள்கிறார்கள். பின்னால் விற்பதும் எளிது.

கோபெடென்ட் என்கிறார்களே, அது என்ன?

எந்தப் பெடல், எந்த லீவர், எந்தத் தந்தியை எதிலிருந்து எதற்கு மாற்றுகிறது என்ற அட்டவணை. ஆர்டரில் மிக முக்கியமான தாள் இதுதான். மரத்தின் நிறம் தவறினால் கண்ணுக்குத்தான் வருத்தம். இது தவறினால் கருவியையே வாசிக்க முடியாது.

ஈ9 சுருதியில் திறந்த தந்திகள், உங்களிடமிருந்து தொலைவில் உள்ள 1 முதல் அருகில் உள்ள 10 வரை: எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, டி, பி. மிக உயர்ந்த ஸ்வரம் 3ஆம் தந்தியில் இருப்பதைக் கவனியுங்கள். புதியவர்களைக் குழப்புவது அதுதான்.

ஏ பெடல்: 5, 10 பி-யிலிருந்து சி ஷார்ப்.
பி பெடல்: 3, 6 ஜி ஷார்ப்பிலிருந்து ஏ.
சி பெடல்: 4 ஈ-யிலிருந்து எஃப் ஷார்ப், 5 பி-யிலிருந்து சி ஷார்ப்.
இடது முழங்கால் இடப்புறம்: 4, 8 ஈ-யிலிருந்து எஃப்.
இடது முழங்கால் வலப்புறம்: 4, 8 ஈ-யிலிருந்து டி ஷார்ப்.
வலது முழங்கால் வலப்புறம்: 2 டி ஷார்ப்பிலிருந்து டி, மேலும் அழுத்தினால் சி ஷார்ப், 9 டி-யிலிருந்து சி ஷார்ப்.

லீவர்களின் இடம் ஆளுக்கு ஆள் மாறினாலும், இந்த மாற்றங்கள் ஏறத்தாழ எல்லோருக்கும் பொது. வலது முழங்கால் இடப்புறமும், இடது முழங்காலை மேலே தூக்கும் செங்குத்து லீவரும் அவரவர் விருப்பம். 1ஆம் தந்தியை ஏற்றி 6ஆம் தந்தியை எஃப் ஷார்ப்புக்கு இறக்குவது, 5ஆம் 10ஆம் தந்திகளை பி ஃப்ளாட்டுக்கு இறக்குவது ஆகியவை அதிகம் கேட்கப்படுபவை. பொதுவான பகுதியை மாற்றாதீர்கள். மாற்றினால் பாடங்கள், டேப்லேச்சர் (எண்களில் எழுதிய வாசிப்புக் குறிப்பு), அடுத்தவர் கருவி எதிலும் உங்கள் கால் பொருந்தாது.

அட்டவணையில் இரண்டு நுணுக்கங்களைத் தனியாக எழுதிக் கொடுங்கள். முதலாவது, 2ஆம் தந்தியின் நடு நிறுத்தம்: டி-யில் முழங்காலுக்கு ஒரு சிறு தடை தெரிய வேண்டும், அதைத் தாண்டி அழுத்தினால்தான் சி ஷார்ப். இரண்டாவது, 'ஸ்ப்ளிட்': 6ஆம் தந்தியை பி பெடல் ஏற்றும், லீவர் இறக்கும், இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஜி வர வேண்டும். இதற்குத் தனித் திருகு வைக்காவிட்டால் அந்த ஜி எப்போதும் சுருதி விலகியே கேட்கும். செய்து முடித்த பிறகு சேர்ப்பதைவிட முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எம்மன்ஸ் அமைப்பு, டே அமைப்பு: எதைச் சொல்வது?

இரண்டுமே புகழ்பெற்ற ஸ்டீல் வாசிப்பாளர்களின் பெயர்கள். பட்டி எம்மன்ஸ் பெயரில் வழங்குவதில் பெடல்கள் இடமிருந்து வலம் ஏ, பி, சி. ஜிம்மி டே அமைப்பில் சி, பி, ஏ. லீவர்களும் அதற்கேற்ப மாறும். எது மேல் என்ற வாதத்துக்கு முடிவில்லை. நீங்கள் ஏற்கெனவே பழகியது எதுவோ அதையே எழுதுங்கள். கணுக்காலில் காயமோ மூட்டுவலியோ இருந்தால் இரண்டையும் உட்கார்ந்து மிதித்துப் பாருங்கள். ஏ பெடலை மட்டும் உருட்டி விடும்போது கணுக்கால் திரும்பும் திசை இரண்டிலும் எதிரெதிர்.

ஒரு கழுத்தா, இரண்டா, 12 தந்தியா?

எஸ்-10 என்பது ஒற்றைக் கழுத்து. எஸ்டி-10 என்பது இரட்டை அகல உடலில் ஒற்றைக் கழுத்து; மற்ற பாதியில் கை வைக்க மெத்தை. டி-10 என்பது இரட்டைக் கழுத்து: ஒன்று ஈ9, மற்றது ஜாஸ், ஸ்விங்குக்கான சி6. உங்களிடமிருந்து தொலைவில் இருப்பது ஈ9, மடிக்கு அருகில் இருப்பது சி6. அதற்கு வழக்கமாக 8 பெடல். யு-12 ஒரே கழுத்தில் இரண்டையும் தர முயல்கிறது: ஈ தந்திகளை டி ஷார்ப்புக்கு இறக்கிப் பூட்டினால் பி6 கிடைக்கும். ஆனால் ஈ9இன் 9ஆம் தந்தி டி அதில் திறந்த ஸ்வரமாக இருக்காது. பி தந்தியை லீவரால் ஏற்றித்தான் பெற வேண்டும்.

டி-10 பெட்டியோடு 30 கிலோவைத் தொடும், சில மாடல்கள் தாண்டும். எஸ்-10 பெட்டியோடு 20 கிலோவை ஒட்டி நிற்கும். விமானத்தில் ஒரு பெட்டிக்குப் பொதுவான வரம்பு 23 கிலோ, கூடுதல் கட்டணத்தோடு 32 கிலோ என்பதை நினைவில் வையுங்கள். சி6ஐ இப்போதே வாசிக்கிறீர்கள் என்றால் டி-10. எப்போதாவது பழகலாம் என்ற எண்ணம் மட்டும் இருந்தால் எஸ்-10 போதும். தொடாத இரண்டாம் கழுத்தை மாடிப்படிகளில் தூக்கிக்கொண்டே இருப்பவர்கள் ஏராளம்.

உடல் அளவு எப்படி எடுப்பது?

வாசிக்கும்போது போடும் அதே காலணி, உட்காரும் அதே இருக்கை. இரண்டும் முக்கியம், காலணி அடி அரை அங்குலம் தடித்தால் முழங்கால் அரை அங்குலம் உயரும். பாதம் தரையில் பதிய உட்கார்ந்து, தரையிலிருந்து முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் தொடையின் மேற்பரப்பு வரை அளந்து அனுப்புங்கள். உடலின் அடியில் லீவர் தாங்கிகளும் கம்பிகளும் தொங்கும். தொடை அவற்றில் இடிக்கக் கூடாது.

அடுத்தது லீவர் இடைவெளி. இடது பாதம் ஏ, பி இரண்டையும் ஒன்றாக மிதித்திருக்கும்போது, முழங்கால் இருபக்க லீவரையும் தொடாமல், ஆனால் ஒரு விரல் தடிமன் தூரத்தில் இருக்க வேண்டும். பிறகு பாதத்தை பி, சி-க்கு நகர்த்துங்கள். முழங்காலும் வலப்புறம் நகரும். அங்கே வலப்புற லீவர் தானாக அழுந்தினால் ஈ தந்திகள் இறங்கிக் கெடும். அளவு தவறிய கருவிகளில் அடிக்கடி காணும் குறை இது. உங்களிடம் இருக்கும் கருவியில் இந்த இரு நிலைகளிலும் லீவருக்கு லீவர் தூரத்தை அளந்து, எது வசதி எது இடிக்கிறது என்று குறித்து அனுப்பினால், பட்டறைக்கு அதைவிட நல்ல தகவல் இல்லை. பாதம் குறுகலானவர்கள் பெடல்களை நெருக்கி வைக்கச் சொல்லலாம்.

சேஞ்சரில் '3 ஏற்றம், 2 இறக்கம்' போதுமா?

போதும். ஒரு தந்தியை எத்தனை வெவ்வேறு வழிகளில் ஏற்றலாம், இறக்கலாம் என்பதே அந்த எண்கள். மேலே உள்ள அட்டவணையில் 4ஆம் தந்திக்கு இரண்டு ஏற்றம், ஒரு இறக்கம். பி ஃப்ளாட் லீவரையும் சேர்த்தால் 5ஆம் தந்திக்கும் அப்படியே. உங்கள் கோபெடென்ட்டைத் தந்தி வாரியாக எண்ணிப் பாருங்கள். எதிலும் மூன்று ஏற்றத்தையும் இரண்டு இறக்கத்தையும் தாண்டாவிட்டால் பெரிய சேஞ்சருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பெடல் கனமாக இருக்கிறது, ஆழமாகப் போகிறது என்று சொல்வதெல்லாம் எதைப் பொறுத்தது?

கருவியைக் கவிழ்த்து வைத்து ஒரு முறை ஏ பெடலின் கம்பியை இழுத்துப் பாருங்கள். குறுக்கே கிடக்கும் தண்டு கொஞ்சம் சுழலும். அதில் பூட்டிய பெல் கிராங்க் என்ற சிறு நெம்பு சாய்ந்து, சேஞ்சர் வரை ஓடும் நீண்ட கம்பியை இழுக்கும். கம்பியின் நுனியில் உள்ள நைலான் திருகு, தந்தி வளைந்து செல்லும் சுழலும் உலோகத் துண்டான சேஞ்சர் விரலில் போய் முட்டும். முட்டிய கணத்திலிருந்து விரல் சுழன்று தந்தி இறுகத் தொடங்கும். முட்டும் வரை போகும் மிதி வீண் மிதி.

இதில் இரண்டு இடங்களில் நெம்பு தூரத்தை மாற்றலாம். பெல் கிராங்கில் தண்டைவிட்டுத் தள்ளிய துளையில் கம்பியை மாட்டினால் மிதி குறையும், கனம் கூடும். சேஞ்சர் விரலில் அச்சுக்கு நெருங்கிய துளையில் மாட்டினாலும் அதே விளைவு. குறைந்த மிதியும் லேசான அழுத்தமும் ஒன்றாகக் கிடைக்காது. ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றது. ஏ, பி பெடல்கள் ஒரே ஆழத்தில் முடிய வேண்டும் என்பதை மட்டும் கட்டாயம் கேளுங்கள். பாதம் இரண்டையும் சேர்த்து மிதிக்கும்போது ஒன்று முன்னதாக நின்றால் மற்றது முழுமையாக ஏறாது.

தந்தி தடிமனையும் சொல்லிவிடுங்கள். ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கணக்காகக் கொண்டு, ஈ9க்கு வழக்கமானவை: 13, 15, 11, 14, 17, 20, 26, 30, 34, 36. இதில் 6ஆவதற்கு சுற்றுத் தந்தி 22 போடுபவர்கள் உண்டு. சுற்றுத் தந்தியின் உள்கம்பி மெல்லியது என்பதால் அதே ஸ்வரம் இறங்க விரல் அதிகம் நகர வேண்டும். முழு ஸ்வரம் இறக்குவதாக இருந்தால் வெறுந்தந்தியே நல்லது. பட்டறை ஒரு தடிமனுக்குச் சரிசெய்து அனுப்ப, நீங்கள் வீட்டில் வேறு தடிமனை மாட்டினால் மிதிகள் எல்லாம் குழம்பும்.

கேபினட் டிராப் என்று பயமுறுத்துகிறார்களே?

ஏ, பி பெடல்களை மிதிக்கும்போது மரப்பெட்டியே நூலளவு வளையும். மிதிக்காத தந்திகள் அதனால் கொஞ்சம் இறங்கும். 4ஆம் தந்தியைத் திறந்து மீட்டி ட்யூனரில் பாருங்கள், ஏ, பி-யை மிதித்து மறுபடி பாருங்கள். ஒரு அரை ஸ்வரத்தை நூறாகப் பிரித்தால் வருவது ஒரு சென்ட். 2, 3 சென்ட் இறக்கம் காதுக்கு எட்டாது. 8, 10 சென்ட் என்றால் மிதித்து வரும் ஏ கார்டு கலங்கிக் கேட்கும். பூஜ்யம் கேட்டுப் பட்டறையோடு சண்டை போடாதீர்கள். மரம் என்றால் வளையும்.

இதைவிடத் தொல்லை தருவது திரும்பி வராத தந்தி. ஈ-யை இறக்கி விட்டபின் அது பழைய இடத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று காரணம்: நைலான் திருகை அதிகம் இறுக்கி விரலில் முட்டியே நிற்பது, திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்தது, விரல்களுக்கு இடையே அழுக்கேறிய பழைய எண்ணெய். முதலாவது ஐந்து நிமிடத்தில் தீரும்: எதையும் மிதிக்காத நிலையில் எல்லா நைலான் திருகுகளிலும் மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். பயன்படுத்திய கருவி வாங்கும்போதும் இந்த இரண்டு சோதனைகளைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

மரமா, மைக்காவா?

மேப்பிள் மரத்தில் லாக்கர் பூச்சு அழகு. மைக்கா ஒட்டியது அடி, கீறல் தாங்கும், விலையும் பொதுவாகக் குறைவு. மேடைக்கு மேடை ஏற்றி இறக்குபவர்களுக்கு மைக்காதான் சொல்வோம்.

3ஆம் தந்தி அறுந்துகொண்டே இருக்கிறது. புதுக் கருவியில் தீருமா?

முழுவதும் தீராது. 11 தடிமனில் ஜி ஷார்ப் வரை இழுத்து, அதையும் பி பெடலால் மேலும் ஏற்றுகிறோம். அந்தத் தந்தி எப்போதும் அறுபடும் எல்லைக்குப் பக்கத்தில்தான் வாழ்கிறது. சேஞ்சர் விரலின் முதுகில் அது வளையும் ஒரே புள்ளியில்தான் அறும். அந்த அலுமினிய முதுகில் பள்ளம் விழுந்திருந்தால் வாரம் ஒன்று போகும். பள்ளத்தை மிக மென்மையான உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றினால் ஆயுள் கூடும். ஆர்டரில் தந்தி நீளத்தை வழக்கமான 24 அங்குலத்தை ஒட்டியே வையுங்கள். நீளம் கூடினால் இந்தத் தந்தி இன்னும் சீக்கிரம் அறும். 11ஆம் எண் தந்தியை மட்டும் தனியாக ஒரு டஜன் வாங்கி வைப்பது எல்லோரும் செய்வது.

பட்டறையிடம் எதையெல்லாம் எழுத்தில் வாங்க வேண்டும்?

கோபெடென்ட் அட்டவணை, உடல் அளவுகள், தந்தி தடிமன், பிக்கப் பெயர், விலை ஆர்டர் நாளின் விலையா முடிக்கும் நாளின் விலையா, முன்பணம் எவ்வளவு, செய்ய முடியாமல் போனால் அது திரும்புமா, அனுப்பும் வழியில் சேதமானால் யார் பொறுப்பு. காத்திருப்பு மாதக்கணக்கில் இருக்கும், வருடத்தைத் தாண்டுவதும் உண்டு. சொன்ன தேதி தள்ளிப் போவது இந்தத் தொழிலில் வழக்கம். அதற்குக் கோபப்பட வேண்டாம். ஆனால் எத்தனை பேர் உங்களுக்கு முன்னால் வரிசையில் இருக்கிறார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

உதிரிபாகங்களைக் கருவியோடு சேர்த்தே வாங்குங்கள். ஷோ-பட், எம்மன்ஸ் போன்ற பெரிய பெயர்களே உற்பத்தியை நிறுத்தியிருக்கின்றன. ஒருவர் நடத்தும் பட்டறை அவர் ஓய்வுபெறும் நாளில் மூடும். சேஞ்சர் விரல் இரண்டு, ஸ்பிரிங்குகள் ஒரு தொகுப்பு, பெல் கிராங்க் நான்கு, நைலான் திருகு பத்து, கம்பி இரண்டு. கருவியின் விலையோடு ஒப்பிட்டால் சிறு தொகைதான்.

பெட்டி வந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

குளிர்காலத்தில் வந்தால் திறக்காமல் ஒரு நாள் அறைக்குள் வையுங்கள். குளிர்ந்த லாக்கர் சட்டென்று சூடான காற்றைத் தொட்டால் மயிரிழை வெடிப்பு ஓடும். அதைச் சரிசெய்வது எளிதல்ல.

கால்களைத் திருகி, பெடல் சட்டத்தைப் பூட்டி, பெடல் கம்பிகளை அவற்றில் உள்ள எண்படி மாட்டுங்கள். கம்பிகள் பார்க்க ஒன்று போல இருந்தாலும் நீளம் மாறும். மாற்றி மாட்டினால் பெடல் உயரங்கள் குலையும். பிறகு எதையும் மிதிக்காமல் திறந்த தந்திகளை முளைப்பக்கத்தில் சுருதி சேருங்கள். ஒவ்வொரு பெடலையும் லீவரையும் பத்து முறை மிதித்து விட்டு, மறுபடி சேருங்கள். புதுத் தந்தி இறங்கியிருக்கும். அதன்பின் ஏ பெடலை மிதித்துப் பிடித்தபடி 5, 10க்கான நைலான் திருகுகளை முனைத் தகட்டில் அறுகோணச் சாவியால் சரிசெய்யுங்கள், பி-க்கு 3, 6, இப்படியே வரிசையாக. ஏற்றங்கள் முடிந்தபின் இறக்கங்கள், கடைசியாக ஸ்ப்ளிட்.

ஜி ஷார்ப்பை ட்யூனரின் நடுக்கோட்டில் வைத்தால் ஈ-யோடு சேரும்போது ஒலி அலைபாயும். அதை 14 சென்ட் வரை இறக்குங்கள். தம்புராவில் தானாகக் கேட்கும் காந்தாரம் இருக்கும் இடம் அதுதான். கீபோர்டோடு வாசிக்கும் நாளில் 14 அதிகமாகத் தெரியும், 8 அல்லது 10இல் நிறுத்துங்கள். முதல் மாதம் தினமும் சுருதி நகரும். கம்பிகளும் மரமும் அமர்வதற்கு அவ்வளவு நாள் ஆகும். அதற்குள் அடிப்பகுதியைத் திறந்து எதையும் மாற்றாதீர்கள். நகர்வதை ஒரு தாளில் தந்தி எண்ணோடு குறித்து வையுங்கள். முப்பது நாள் கழித்தும் ஒரே தந்தி ஒரே பக்கம் நகர்ந்தால் அந்தத் தாளைப் படம் எடுத்துப் பட்டறைக்கு அனுப்புங்கள்.